மேடத்தை உட்கார வைத்த மெத்தை

பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்து நான் பட்ட பாட்டையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்ல வாய் எழும்பாமல், அம்பத்தூரில் இறங்க வேண்டியவள் ஆவடி வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன் (ஒரு தடவை இல்லை). கடைக்காரர் துவரம்பருப்பு என்று நினைத்துக் கடலைப்பருப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டால், அன்றைக்கு எங்கள் வீட்டில் கடலைப்பருப்பில்தான் சாம்பார். இதெல்லாம் போகட்டும். ஒரே ஒரு வார்த்தை சொல்ல வராததால், கட்டின புடவையோடு நான் சுவர் ஏறின கதை ஒன்று இருக்கிறது. முப்பது வருஷம் ஆகிவிட்டது. இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.

தொண்ணூறுகளின் ஆரம்பம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் சொந்தமாக ஒரு சின்ன வீடு. கீழே ஒரு ரூமும் சமையல்கட்டும். மேலே மாடி எழுப்பலாம் என்று நாலு மூலையிலும் கம்பியை நீட்டி விட்டதோடு சரி. என் வீட்டுக்காரருக்கு ஒரு வார்ப்படக் கம்பெனியில் வேலை. இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால், அந்தச் சாமானை அதே அளவில் மரத்தில் செய்து மண்ணில் பதிக்க வேண்டும். அந்த மர அச்சு செய்கிறவர் அவர். நான் மோட்டார் சைக்கிள் சீட் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். ரெக்சினில் மேல் உறை தைப்பது மட்டும் என் வேலை. நாலு வருஷமும் அதே உறைதான். தைத்த உறை எங்கே போகிறது, அதை எப்படி ஸ்பாஞ்சுக்கு மாட்டுகிறார்கள், கடைசியில் என்ன செய்கிறார்கள் என்பது எதையும் நான் பார்த்ததில்லை. அது பக்கத்து ஷெட். அங்கே முழுக்க ஆம்பளைகள். (நான் எங்கே போவேன்.)

எங்கள் பெண் கவிதா அப்போது ஒன்பதாவது. என் வாயில் வராத பேச்செல்லாம் சேர்ந்து அவள் வாயில் வரும். பள்ளிக்கூடத்தில் காக்கி உடுப்பு போட்டுப் பரேடு விடுகிற கூட்டத்தில் இருந்தாள். அதை நடத்துகிற டீச்சருக்கு எங்கள் வீட்டில் பரேடு மேடம் என்றுதான் பேர். அவர் பிள்ளைகளை ரெண்டு நாள் மலைப்பக்கம் கூட்டிப்போய்ப் பாறை ஏறச் சொல்லிக் கொடுத்தார். போகும்போது பெண்ணாகப் போனவள் வரும்போது பல்லியாக வந்தாள். நிலைச் சட்டத்தை விரல் நுனியால் பிடித்துத் தொங்கினாள். மாடிக்குப் படி இருக்க, பைப்பைப் பிடித்து ஏறினாள். சாப்பிடக் கூப்பிட்டால் ஜன்னலுக்கு மேலேயிருந்து "வரேம்மா" என்று குரல் வரும்.

மே மாச லீவில் வடக்கே பெரிய மலையில் இருபது நாள் கேம்ப் என்றும், பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே ஒரு பெண்ணைத்தான் அனுப்புவார்கள் என்றும் வந்து சொன்னாள். அவள் பேரும் இன்னொரு பெண் பேரும் மேடம் கையில் இருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கை பலம் ஜாஸ்தியாம்.

"நைனா, நான் தெனம் பழகினாத்தான் உண்டு. இங்க எங்க நைனா பாறை கீது?"

"பாற இல்லன்னா இன்னா? நாம ஒண்ணு கட்டிக்கலாம்" என்றார் அவர். ஏதோ மீன்தொட்டி வாங்குவதைப் போலச் சொன்னார்.

சொன்னவர் கட்டியும் விட்டார். சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்து, காங்கிரீட் போடும்போது அடிக்கிற சென்ட்ரிங் பலகைகளைச் சேர்த்து, மொட்டை மாடியில் பத்தடி உயரத்துக்கு முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்தாற்போல் ஒரு சுவர். பிடித்து ஏறுவதற்கு, கம்பெனியில் கழித்துப்போட்ட மர அச்சுகளைக் கேட்டு வாங்கி வந்து போல்ட் போட்டு முடுக்கினார். ஒரு பம்ப் மூடி, ஒரு பாதிப் பல்சக்கரம், கைப்பிடி மாதிரி நாலைந்து, பேர் தெரியாத உருண்டை ஒன்று. பார்க்கிறவர்களுக்குப் பழைய இரும்புக் கடையை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். கவிதாவுக்கு அது இமயமலை.

என் கண் போனது அதன் அடிக்குத்தான். கீழே சிமெண்டுத் தரை. "மெத்தை போடாம புள்ள ஏறக்கூடாது" என்று நான் சொன்னேன். நான் ஒரு விஷயத்தை இவ்வளவு அழுத்தமாகச் சொல்வது வருஷத்துக்கு ஒரு தடவைதான் என்பதால் ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

மெத்தை வாங்கப் போனோம். ஸ்டேஷன் பக்கம் இருந்த மெத்தைக் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் துண்டால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "டபுளா, சிங்கிளா? கல்யாணத்துக்கா?" என்றார்.

நான் என் வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"வியறதுக்கு" என்றார் இவர்.

"இன்னாது?"

"பொண்ணு மேலேர்ந்து வியுந்தா அடிபடக் கூடாது. அந்த மாரி ஒண்ணு."

கடைக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "தூக்கத்துல உருளுதா?"

"இல்லபா, முழிச்சிகினுதான் வியும்."

"எவ்ளோ ஒசரத்துலேர்ந்து?"

"ஒரு எட்டடி."

"உங்க ஊட்ல கட்டிலு எட்டடியா?" என்று அவர் கேட்டபோது, பக்கத்தில் தலையணை வாங்க வந்திருந்த ஒரு குடும்பம் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. நான் இவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தெருவில் வைத்து, "நானே தைக்கிறேன்" என்றேன். ரயில் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அந்த மெத்தைக்கு நான் உயிரைக் கொடுத்தேன். கம்பெனியில் குப்பைக்குப் போகிற ஸ்பாஞ்சுத் துண்டுகளை மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்தேன். என் கல்யாணத்துக்கு எங்கள் அம்மா வீட்டில் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை ரெண்டையும் பிரித்துப் போட்டேன். வெட்டு ரெக்சினைச் சேர்த்துச் சேர்த்து மெரூனும் கறுப்பும் பச்சையுமாக ஆறடிக்கு நாலடியில் உறை. கனம் ஒரு அடி. மொட்டை மாடியில் கிடக்கப் போகிற சாமான், மழை வந்தால் பஞ்சு ஊறிப் போகுமே என்ற கவலை எனக்கு. அதனால் உள்ளே பிளாஸ்டிக் தாளை வைத்துத் தைத்தேன். தையலுக்கு மேல் தையல். அதற்கும் மேலே, சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற பசையை வாங்கி வந்து தையல் போன வழியெல்லாம் தடவினேன். கடைசியாக ஒரு குடம் தண்ணீரை அதன் மேல் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

"இன்னாம்மே, மெத்த தெச்சியா, கப்பல் தெச்சியா?" என்றார் வீட்டுக்காரர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தைக்கிறதுக்கு முன்னால் எங்கள் கம்பெனி மாஸ்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முப்பது வருஷமாக சீட் செய்கிற மனுஷர். கேட்க வேண்டும் என்றுதான் மூன்று நாள் சாயங்காலம் எங்கள் ஷெட்டில் இருக்கிற அவர் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மூன்று நாளும் அவர் தலையைத் தூக்கி, "இன்னாம்மா வேணும்?" என்றார். மூன்று நாளும் நான், "ஒண்ணும் இல்ல மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, என்னிடம் கத்திரிக்கோல் இருக்கும்போதே அவரிடம் இன்னொரு கத்திரிக்கோல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குள் கவிதா பள்ளிக்கூடத்தில் எங்கள் வீட்டு மலையைப் பற்றி வாய் ஓயாமல் பேசி, விஷயம் மேடம் காதுக்குப் போய்விட்டது. "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வரேன். நான் பார்த்துட்டு, அப்பா அம்மாகிட்டயும் பேசிட்டுத்தான் பேரை எழுதுவேன்" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் கடைசித் தையலைப் போட்டேன். அப்பாவும் பெண்ணும் தூக்கிக்கொண்டு போய்ச் சுவருக்குக் கீழே போட்டார்கள். கவிதா உடனே அதன் மேல் குதிக்கப் பார்த்தாள். "புதுசுடி, மேடம் வந்து பாக்கட்டும். அதுக்குள்ள அழுக்காக்கிடாதே" என்று தடுத்துவிட்டேன். புது சாமான் எதுவானாலும் எங்கள் வீட்டில் மஞ்சள் குங்குமம் வைக்காமல் தொடுவதில்லை. சைக்கிளுக்கு வைத்தோம், மிக்ஸிக்கு வைத்தோம், மெத்தைக்கு மட்டும் எப்படி விடுவது. ஓரத்தில் மூன்று இடத்தில் மஞ்சளைக் குழைத்து வைத்து, அதன் மேல் தாராளமாகக் குங்குமம் வைத்தேன். வீட்டுக்காரர் அதன் மேல் மெதுவாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கும்முனு கீது" என்றார். அதுதான் நாங்கள் செய்த பரிசோதனை.

மேடம் சரியாகப் பத்து மணிக்கு மொபெட்டில் வந்தார். பரேடு முடித்து அப்படியே வந்திருந்தார் போல. தேய்த்த காக்கி உடுப்பு, தொப்பி, பெல்ட்டு, கையில் ஒரு ஃபைல். மாடிக்கு வந்ததும் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முட்டுக் கட்டையை ஆட்டிப் பார்த்தார். போல்ட்டைத் திருகிப் பார்த்தார். "நல்லா கட்டியிருக்கீங்க சார்" என்றதும் என் வீட்டுக்காரர் ஒரு அங்குலம் உயர்ந்தார்.

எனக்கு வேறு கவலை. அவ்வளவு பெரிய டீச்சர் வந்து நின்றுகொண்டிருக்கிறார். மாடியில் நாற்காலி இல்லை. கீழே இருக்கிற ஒன்றுக்கும் ஒரு கால் ஆட்டம். சட்டென்று மெத்தையைக் காட்டினேன்.

"இருக்கட்டும்மா, நிக்கறேன்."

நான் மறுபடியும் காட்டினேன். 'உட்காருங்க' என்று வாயால் சொல்லியிருந்தால் அவர் மறுத்திருக்கலாம். வாய் வராததால் கையைப் பிடித்தே உட்கார வைத்துவிட்டேன், ஓரமாக. மஞ்சள் குங்குமம் வைத்த இடத்திலேயே உட்கார்ந்தார் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

கவிதா ஏறிக் காட்டினாள். பல்சக்கரத்தில் கை, பம்ப் மூடியில் கால் என்று சரசரவென்று உச்சிக்குப் போனாள். போன வழியே பூனை மாதிரி இறங்கியும் வந்துவிட்டாள். விழவே இல்லை. பக்கத்து வீட்டு மாடியில் வடாம் ஊற்றிக்கொண்டிருந்த சரோஜா கரண்டியும் கையுமாகக் கைப்பிடிச் சுவருக்கே வந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

மேடம் ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். பேனாவையும் எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்பாவுக்குச் சம்மதம்னு தெரியுது. அம்மா, உங்களுக்கு இஷ்டம்தானே?"

இஷ்டம். நாலே எழுத்து. கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது, எடுத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். எனக்கு அது வாய்க்கு வரவில்லை. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"சொல்லுங்கம்மா. இருபது நாள் வெளியூர். பாறை ஏறணும். பயமா இருக்கா?"

தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேனா, ஆமாம் என்று ஆட்டினேனா என்பது எனக்கே தெரியாது.

"அவளுக்கு இஷ்டம்தான் மேடம், அவ அப்டித்தான்" என்றார் வீட்டுக்காரர்.

"சார், அவங்க சொல்லட்டும்."

கவிதா என் முதுகில் கிள்ளினாள். "ம்மா, சொல்லேன்மா. எல்லாத்துக்கும் மண்டைய ஆட்டிகினு." அவள் கண் கலங்கிவிட்டது.

மேடம் பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகினார். "தப்பா நினைக்காதீங்க. அம்மாவுக்கு மனசில்லாத பிள்ளையை நான் மலைக்குக் கூட்டிட்டுப் போறதில்லை. மேல ஏறினப்புறம் பிள்ளைக்கு வீட்டு ஞாபகம் வந்து கை நடுங்கும். அந்த இன்னொரு பொண்ணு பேரையே எழுதிடறேன்."

ஃபைல் மூடுகிற சத்தம் கேட்டது.

அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. எனக்குப் பயமில்லை என்று அந்த அம்மாவுக்குக் காட்ட வேண்டும். மெத்தை நல்ல மெத்தை, என் பிள்ளை விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று காட்ட வேண்டும். வாய் வேலை செய்யவில்லை. கையும் காலும் வேலை செய்தன. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன். மேடத்தைத் தாண்டி மெத்தை மேல் நடந்து போய்ப் பம்ப் மூடியைப் பிடித்துவிட்டேன்.

"ஏய், இன்னா பண்றே?" என்றார் வீட்டுக்காரர்.

ஏறினேன். முதல் கட்டை, ரெண்டாவது கட்டை. நம்பினால் நம்புங்கள், ரொம்ப சுலபமாக இருந்தது. எனக்கு அப்போது நாற்பது வயது. தினமும் ரெண்டு குடத்தோடு மாடி ஏறுகிற உடம்பு. மூன்றாவது கட்டையில் காலை வைத்துவிட்டு, இவ்வளவுதானா என்று நினைத்துக் கீழே பார்த்தேன். அதுதான் தப்பு.

ஐந்தடி உயரம்தான் இருக்கும். ஆனால் அங்கேயிருந்து பார்த்தால் கொரட்டூர் ஏரி தெரிகிற மாதிரி இருந்தது. பல்சக்கரத்தை மார்போடு கட்டிக்கொண்டேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை.

"ம்மா, எடது காலை கீழ வெய்யி. உருண்டையில வெய்யி."

உருண்டை எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். புடவைக்குள் எது கால், எது கட்டை என்றே தெரியவில்லை.

"சரி வுட்ரும்மா. கைய வுட்ரு. மெத்த கீதுல்ல, ஒண்ணும் ஆவாது."

"ஏணி எத்துகினு வரட்டாக்கா?" என்று பக்கத்து மாடியிலிருந்து சரோஜா கேட்டாள்.

மேடம் மட்டும் பதறவில்லை. மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தபடியே, பரேடில் சொல்கிற மாதிரி நிதானமாக, "அம்மா, மூச்சை இழுங்க. பின்பக்கமா சாய்ஞ்சு விழுங்க. நான் பார்த்துக்கறேன்" என்றார். எழுந்து நகர்ந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பாவம், அவர் எவ்வளவோ மெத்தைகளைப் பார்த்தவர். என் மெத்தையைப் பார்த்ததில்லை.

கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டேன்.

அப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை, நாலு பேர் நாலு விதமாகச் சொன்னதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் விழுந்த இடம் அமுங்கியது. அந்த இடத்துக் காற்றுக்கு வெளியே போக வழியில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராதபடி தைத்த மெத்தையில் ஒரு மூச்சுக் காற்று எப்படி வெளியே போகும்? அது மறுபக்கத்துக்கு ஓடியது. மறுபக்கத்தில் மேடம் உட்கார்ந்திருந்தார். மேடம் ஒரு சாண் உயரம் மேலே போய், ஃபைலைக் கையில் பிடித்தபடியே அதே இடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்தார். அவர் வந்து உட்கார்ந்ததுதான் கடைசி. அந்தப் பக்கத்துத் தையல் முழு நீளத்துக்கும் டமாரென்று பிரிந்தது. லாரி டயர் வெடித்தது என்று நினைத்துத் தெருவில் ஆள் கூடிவிட்டதாம்.

நான் கண்ணைத் திறந்தபோது எங்கள் மாடியில் பனி பெய்துகொண்டிருந்தது. இலவம்பஞ்சு. எங்கே பார்த்தாலும் பஞ்சு. நடு நடுவே மஞ்சளும் நீலமுமாக ஸ்பாஞ்சுத் துண்டுகள். என் வீட்டுக்காரர் மீசை ஒரு நிமிஷத்தில் நரைத்திருந்தது. பரேடு மேடம் இருந்த இடத்தில் காக்கித் தொப்பி போட்ட ஒரு வெள்ளை உருவம் இருந்தது. கண் மட்டும் திறந்து திறந்து மூடியது.

"அக்கா" என்று சரோஜா கூப்பிட்டாள். "என் வடாமுக்கெல்லாம் முடி மொளச்சிகீதுக்கா."

யாரும் சிரிக்கவில்லை. கவிதா ரெண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். போச்சு என்று எனக்குப் புரிந்தது. பிள்ளையின் கேம்ப் என் கையால் போச்சு, என் தையலால் போச்சு.

காற்றுப் போன ரெக்சினுக்கு நடுவில், ஒரு கால் மேலேயும் ஒரு கால் உறைக்குள்ளேயுமாக நான் கிடந்தேன். மேடம் தவழ்ந்து என் பக்கத்தில் வந்தார்.

"அம்மா, அடி பட்டுதா?"

என் வாய் அப்போதுதான் திறந்தது. அவர் கேட்ட கேள்வி ஒன்று. எனக்கு வந்த பதில், கால் மணி நேரமாகத் தொண்டையில் நின்றுகொண்டிருந்த பதில்.

"இஷ்டம் மேடம்" என்றேன்.

மேடம் என்னையே பார்த்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். அப்புறம் வாயைத் திறந்தார், வாயிலிருந்து கொஞ்சம் பஞ்சு பறந்தது, அதன் பின்னால் சிரிப்பு வந்தது. பரேடு மைதானத்தில் சிரிக்காமல் சேர்த்து வைத்த சிரிப்பெல்லாம் வந்தது. மெத்தை மேல், அதாவது மெத்தையாக இருந்ததன் மேல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். அதைப் பார்த்துக் கவிதா சிரித்தாள். சரோஜா வடாமைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

ஆனால் மேடம் கறாரான மனுஷி. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "அம்மா இஷ்டம்னு சொல்லிட்டாங்க. எனக்கு அது போதும். ஆனா இந்த மெத்தையில என் பிள்ளை விழக்கூடாது. வர்ற ஞாயித்துக்கிழமை திரும்பி வரேன். சரியா இருந்தா பேரை எழுதறேன். இல்லைன்னா இல்லை."

படியிறங்கிப் போனபோதுதான் அவர் பின்பக்கத்தைப் பார்த்தேன். தேய்த்த காக்கியில் மஞ்சளும் குங்குமமும் பளிச்சென்று பதிந்திருந்தது. அப்படியே மொபெட்டில் ஏறி அம்பத்தூர் முழுக்கப் போனார். சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு என்னிடம் இருந்த ஒரு சொல்லைத்தான் ஏற்கெனவே செலவு செய்துவிட்டேனே.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நான் பக்கத்து ஷெட்டுக்கே போனேன். பத்துப் பதினைந்து ஆம்பளைகள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாரம்தான் இருக்கிறது, கூச்சத்துக்கு நேரமில்லை. "மாஸ்டர், மெத்தை வெடிச்சிருச்சு" என்றேன். என் குரலை அவர் நாலு வருஷத்தில் அவ்வளவு பெரிதாகக் கேட்டதில்லை. சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார்.

நான் தைத்த விதத்தைச் சொல்லச் சொல்ல, "பசை வேறயா? பிளாஸ்டிக் வேறயா?" என்று கேட்டு, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தயாராக இருந்த ஒரு சீட்டை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் ரெண்டு ஓட்டை.

"ஆளு குந்துனா காத்து போவணும், எய்ந்தா காத்து வரணும். நாலு வருஷமா இத்தத்தானே தெச்சிகினு கீறே, ஒரு தபா கூட கவுத்துப் பாக்கலியா?"

பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

அந்த வாரம் முழுக்கப் பிரித்துத் தைத்தேன். பிளாஸ்டிக்கை எடுத்தேன், பசையைச் சுரண்டினேன். பஞ்சுக்குப் பதிலாகக் கம்பெனியில் கழித்துப்போட்ட கெட்டி ஸ்பாஞ்சுப் பலகையைக் கீழேயும் மேலேயும் வைத்து, நடுவில் துண்டுகளைப் போட்டேன். பக்கவாட்டில் காற்றுப் போக ஓட்டை போட்டு, மாஸ்டர் தன் கையாலேயே எட்டுப் பித்தளை வளையம் அடித்துக் கொடுத்தார். மழைக்கு மேலே ஒரு தார்ப்பாய் போட்டால் போதும் என்று அப்போதுதான் மூளைக்கு எட்டியது. (சரோஜாவுக்குப் புதிதாக ரெண்டு படி அரிசியில் வடாம் ஊற்றிக் கொடுத்ததும் அந்த வாரம்தான்.)

ஞாயிற்றுக்கிழமை மேடம் வேறு உடுப்பில் வந்தார். நான் மெத்தையைக் காட்டுவதற்கு முன்னாலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் நிக்கறேம்மா" என்றார். கவிதா உச்சியிலிருந்து குதித்தாள். எட்டு வளையத்திலும் 'புஸ்' என்று காற்று போனது, அவ்வளவுதான். எழுந்து மறுபடியும் குதித்தாள். மறுபடியும். அஞ்சாவது தடவை மேடம் பேனாவை எடுத்தார்.

கவிதா அந்த மே மாதம் மலைக்குப் போய் வந்தாள், மூக்குத் தோல் உரிந்து, இந்தி கலந்து பேசிக்கொண்டு. அதற்கப்புறமும் ஆறேழு வருஷம் அந்த மெத்தை மாடியில் கிடந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் அதில் விழுந்தார்கள்.

ஆனால் என் வீட்டுக்காரரின் வாயில் நான் விழுந்தது விழுந்ததுதான். அன்றையிலிருந்து எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவராக இருந்தாலும் சரி, நாற்காலியைக் காட்டி, "தைரியமா குந்துங்க. இது கடையில வாங்கினது, என் சம்சாரம் தெக்கல" என்பார். கவிதாவைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னார். மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் ஏதோ தமாஷ் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா வேப்பம்பட்டிலிருந்து வந்தவர், என்னை விடச் சாது. விஷயம் என்னவென்று கேட்கவும் கூச்சம், உட்காரவும் பயம். கேசரியும் பஜ்ஜியும் காப்பியும் நின்றபடியே சாப்பிட்டு, நின்றபடியே பூ வைத்துவிட்டுப் போனார்.

கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போதும் சம்பந்தியம்மா வந்தால் சோபாவில் முதலில் உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திப் பார்க்கிறார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புகிறார். கடையில் வாங்கினதுதான் என்று நான் கண்ணாலேயே சொன்ன பிறகுதான் மெதுவாக உட்காருகிறார்.